கால் நீட்டும் பக்கம்

எங்கள் வீட்டுக்காரம்மாவின் வாயில் முதலில் வருவது "கூடாது"தான். என்ன, ஏது, எதற்கு என்பதெல்லாம் அதற்கு அப்புறம். கீழ்பென்னாத்தூரில் மூன்று அண்ணன்களோடு சண்டை போட்டே வளர்ந்தவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கல்யாணத்துக்கு முன்பே ஊரில் பேர். அந்த வாய் அந்த அம்மாவிடம் மட்டும் பலிக்கவில்லை. நான் "ஏங்க?" என்று கேட்பதற்குள் அவர் திரும்பிப் போய்க்கொண்டிருப்பார். முதுகைப் பார்த்து என்ன பேசுவது?

திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. எழுபதுகளின் கடைசியில் நாங்கள் குடிபோனோம். அவருடைய மாமனார் காலத்தில் தீபத்துக்கு வருகிறவர்கள் தங்குவதற்கென்று கட்டியதாம். ரயில் பெட்டி மாதிரி வடக்கு தெற்காக நீண்ட அறைகள், ஒன்றையொட்டி ஒன்று. அகலம் ஐந்தரை அடி இருந்தால் அதிகம். வந்தவர்கள் தரையில் குறுக்கே வரிசையாகப் படுத்து எழுந்து போக அது போதும். குடும்பம் நடத்தப் போதாது. ஓர் அறையில் அந்த அம்மா தனியாக இருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் அதே அளவில் இன்னோர் அறையும், அதன் பின்னால் ஒரு சமையல்கட்டும் எங்களுக்கு. அறையின் வடக்குக் கோடியில் ஒரு ஜன்னல். திறந்தால் எதிரே மலை.

அந்தச் சுவர்கள் அவருக்குத் தன் உடம்பு. தினம் காலையில் உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே வருவார். எண்ணெய்த் தலையோடு யாராவது சாய்ந்திருந்தால் கைக்குத் தெரிந்துவிடும். எங்களுக்கு முன் குடியிருந்த ஒரு வாத்தியார் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்தாராம். சீக்கிரமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று. அந்த ஓட்டையை அம்மா அடைக்காமலே வைத்திருந்தார். குடிவருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. எனக்கும் சுண்டுவிரல் நுனியை அதில் வைத்து, "பாத்தியா?" என்று காட்டினார். பார்த்தேன். ஆணி ஓட்டை. அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?

என் கணவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கறுப்புச் சட்டைக்காரர். கோயிலுக்கு எதிரே பஸ் நிற்கும்போது கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டால் இவர் விசிலை ஊதிவிடுவார். கொசுவலை மாட்டுவதற்கு இவர் சுத்தியலைக் கையில் எடுத்ததும், எங்கிருந்துதான் பார்த்தாரோ, அம்மா வாசலில் வந்து நின்றார். கூடாது. இவர் ஏதோ வாதாடினார். அம்மா சுத்தியலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அது எங்கள் சுத்தியல். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டேன்.

சாயங்காலம் அந்த அம்மா ஒரு கத்தைக் கயிற்றோடு திரும்பி வந்தார். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்க்கோடியில் கதவுக்கு மேலிருந்த கம்பிக்கு ஒரு கயிறு, அதற்கு இணையாக இன்னொன்று. இடையில் இரண்டு மூங்கில் குச்சி. வலை அதில் தொங்கியது. காலையில் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டால் அதே கயிற்றில் துணியும் போட்டுக்கொள்ளலாம். சுவரில் ஒரு கீறல் விழவில்லை. "இப்படிப் பண்ணு" என்றார். சுத்தியலைத் தரவில்லை.

அவர் வழக்கமே இதுதான். முதலில் கூடாது, நாம் வயிறெரிந்து முடித்த பிறகு "இப்படிப் பண்ணு." தகரப் பெட்டியைச் சிவப்புத் தரையில் இழுக்கக் கூடாது, அடியில் கோணியை மடித்துப் போட்டால் ஒரு விரலால் நகரும். சித்திரையில் புழுக்கம் தாங்காமல் பொழுது சாய்ந்ததும் ஜன்னலைத் திறந்தால் அதுவும் கூடாது. பகலெல்லாம் வெந்த பாறை அப்போதுதான் அனலைக் கக்கும். "மலை இன்னும் ஆறல. ஆறட்டும், நான் சொல்றேன்" என்பார். சொல்லவும் செய்வார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு. எழுந்து திறந்தால் காற்று குளிர்ந்திருக்கும். எண்பதுகளில் நாங்கள் சொந்தமாக வீடு கட்டியபோது, படுக்கையறைக்கு எதெது எங்கே என்று நான் மேஸ்திரியிடம் அடித்துப் பேசியதைப் பார்த்து என் கணவர், "அந்தம்மா உள்ள பூந்துக்கினு பேசுது" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் நிஜம்.

எல்லாக் கூடாதுகளுக்கும் தலையாய கூடாது ஒன்று இருந்தது. மலைப் பக்கம் காலை நீட்டிப் படுக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் மலைதான் சாமி. அந்த வீட்டுக்கு மலை வடக்கே. தெற்கே தலை வைத்தால் கால் சாமி பக்கம் போகும். காலைத் திருப்பலாம் என்றால் தலை வடக்கே போகும். அப்படிப் பிணத்தைத்தான் கிடத்துவார்கள். ஆக, அந்த அறையில் கிழக்கு மேற்காக, குறுக்கேதான் படுக்கவேண்டும். நான் குள்ளம், எனக்குச் சரியாக இருந்தது. என் கணவர் நெட்டை. முழங்காலை மடக்கிக்கொண்டு படுப்பார். தூக்கத்தில் கால் தானாக வடக்கே திரும்பிக்கொள்ளும். நான் விழித்து அதைத் திருப்பி வைப்பேன்.

அப்பா கல்யாணத்துக்குச் செய்து கொடுத்த தேக்குக் கட்டில் அதனால்தான் பிரித்தபடியே கிடந்தது. குறுக்கே போட ஒரு முழம் நீளம் ஜாஸ்தி. நெடுக்கே போடச் சாமி விடவில்லை. சட்டங்களைக் கோணியில் சுற்றிச் சமையல்கட்டுப் பரணில் ஏற்றி வைத்தோம்.

அங்கே குடிபோன பிறகு இரண்டு முறை எனக்கு வயிற்றில் தங்கியது கலைந்தது. நாலாம் மாதம் ஒன்று, அஞ்சாம் மாதம் ஒன்று. அதைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை. மூன்றாவது தங்கியபோது லேடி டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். கர்ப்பப்பை வாய்க்குப் பலமில்லை. தையல் போட்டிருக்கிறேன், அது மட்டும் போதாது. பிரசவம் வரைக்கும் படுத்தே இருக்கவேண்டும். தொய்கிற கயிற்றுக் கட்டில் ஆகாது, பலகைக் கட்டில் வேண்டும். கால் பக்கம் செங்கல் வைத்து உயர்த்தவேண்டும். பஸ்ஸோ வண்டியோ ஏறக் கூடாது. என் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றதற்கு, "அந்த ரோட்லயா? வழியிலயே முடிஞ்சிடும்" என்றார்.

கட்டில் பரணிலிருந்து இறங்கியது. முதலில் மூலைவாட்டமாகப் போட்டுப் பார்த்தோம். வீட்டுக்காரம்மா வந்து தலைமாட்டில் குந்திக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் கட்டிலின் நீளத்தோடு ஜன்னலைப் பார்த்தார். மலை ஓரம் படுகிறது, கூடாது என்றார். அதுவரை பொறுமையாக இருந்த என் கணவருக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. கட்டிலை ஒரே இழுப்பாக இழுத்து நெடுக்கே போட்டார். கால் பக்கம், வடக்கே, ஜன்னலுக்கு அடியில். அதற்குக் கீழே செங்கல்லையும் அடுக்கினார்.

"அது கல்லும்மா. யாரு கால நீட்டுறாங்கன்னு பாக்க கல்லுக்குக் கண்ணு இருக்கா?" என்றார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. கட்டிலையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கல்லுதான் தம்பி. இருக்கட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார். கூடாது என்று சொல்லாமல் அவர் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு நான் அந்தக் கட்டிலில் கிடந்த கிடை எதிரிக்குக்கூட வேண்டாம். சும்மா காலை நீட்டினால்கூடப் பரவாயில்லை. செங்கல் வைத்துத் தூக்கி, இரண்டு பாதமும் சாமி முகத்துக்கு நேரே. தலையை நிமிர்த்தினால் என் கால் கட்டைவிரல்களுக்கு நடுவில் மலை உச்சி தெரிந்தது. கண்ணை மூடிக்கொள்வேன். மூடினாலும் அது அங்கேயே இருக்கும். காலை மடக்கினால் வயிறு இறுகியது, நீட்டினால் மனம் கூசியது. என் கணவரிடம் சொன்னால் அழுகிறாளே என்று பரிதாபப்படுவார், கட்டிலை நகர்த்த மாட்டார். நகர்த்த இடமும் இல்லை. கட்டிலை அறுத்துச் சிறிதாக்கலாமா என்று ஓர் ஆசாரியைக் கூட்டிவந்தார். சட்டத்தில் கை வைத்தால் கட்டில் ஆடும் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் லேசாக உதிரம் பட்டது. துளிதான். ஆனால் முன்னே இரண்டு முறையும் அப்படித்தான் ஆரம்பித்தது. டாக்டரம்மா வீட்டுக்கே வந்து ஊசி போட்டு, அசையாதே என்று சொல்லிப் போனார். என் கணவருக்கு பஸ் ஓட்டத்துக்குப் போயே தீரவேண்டிய நாள். அவர் போனதும் நான் வாய்விட்டு அழுதேன். யாரிடம் என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டேன். காலை நீட்டியது நான்தானே, பிள்ளை என்ன செய்தது, அதை விட்டுவிடு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா இருக்கிறார் என்பதே அப்போது நினைவில் இல்லை.

சாப்பாட்டு வேளை தாண்டியிருக்கும். அந்தப் பக்கம் பொருள்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஓர் ஆணின் குரல். பிறகு சுவரில் ஓர் இடி.

கடப்பாரை. சுவர் அதிர்ந்து காரை பொலபொலவென்று உதிர்ந்தது. வீட்டைக் காலி பண்ணவைக்கத்தான் இடிக்கிறார் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? எழுந்து ஓடவும் முடியாது. வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கத்தினேன். இடி நிற்கவில்லை. ஜன்னலோரமாகச் சுவரில் ஒரு செங்கல் உள்ளே பிதுங்கி விழுந்தது. அடுத்தது விழுந்தது. ஓட்டையில் முதலில் கொத்தனாரின் கை தெரிந்தது. அது விலகியதும், தலையெல்லாம் புழுதியாக, வீட்டுக்காரம்மாவின் முகம்.

"என்னங்கம்மா பண்றீங்க?" என்றேன்.

"கட்டிலு ஒரு மொழம் ஜாஸ்தின்னுதானே சொன்னீங்க? குறுக்க போடலாம், மிச்சம் இப்பிடிக்கா வரட்டும்."

"செவுரு போயிடுச்சேம்மா."

அவர் ஓட்டை வழியாகத் தலையை நீட்டி என்னை உற்றுப் பார்த்தார்.

"கேளு. இந்த வவுறு நின்னா சந்தோஷம். ஒருவேள நிக்காம போச்சின்னு வெச்சிக்கோ, சாமி பக்கம் கால நீட்டுனதாலதான் போச்சின்னு நீ சாவுற வரிக்கும் நெனைச்சிக்கினே கெடப்பே. அது கூடாது. அவரு பக்கம் வேணாம். என் பக்கம் நீட்டிக்கோ."

அவ்வளவுதான். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கொத்தனாரிடம் சத்தம் இல்லாமல் வேலை செய்யச் சொன்னார். கடப்பாரையை வைத்துக்கொண்டு எப்படிச் சத்தம் இல்லாமல் செய்வது என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்தது.

என்னைச் சமையல்கட்டில் பாயில் கிடத்தி, கால் அடியில் அரிசி மூட்டையை வைத்துவிட்டு, கட்டிலைக் கழற்றி அந்தத் துளை வழியாக மறுபடி பூட்டினார்கள். தலைமாடு எங்கள் அறையில், கால்மாடு அவர் அறையில். சாயங்காலம் வந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். என் உடம்பில் முழங்கால் வரைக்கும்தான் இந்த வீட்டில் இருந்தது. அந்தம்மாவுக்கு மூளை பிசகிவிட்டதா என்று காதோடு கேட்டார். அப்புறம் குனிந்து துளை வழியாகப் பார்த்தார். நான் கிடந்த கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில், அந்த வழவழப்பான சிவப்புத் தரையில், அந்த அம்மா தன் கையால் செங்கல்லை அடுக்கி வைத்திருந்தார். என் கணவர் கறுப்புச் சட்டையைக் கழற்றிவிட்டு விறகுத் தொட்டிக்குப் போய் இரண்டு சவுக்குக் கட்டை வாங்கிவந்து, துளைக்கு மேல் சுவர் இறங்காமல் முட்டுக்கொடுத்தார். அம்மா கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அப்படியே மாதங்கள் போயின. துளையில் அந்த அம்மா ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டிருந்தார். புடவைக்கு அந்தப் பக்கம் என் கால் மட்டும் அவரோடு குடியிருந்தது. பெரியவர் முகத்துக்கு நேரே காலை நீட்டுகிறோமே என்று எனக்கு முதலில் கூச்சம் பிடுங்கித் தின்றது. அவர் பாட்டுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். வெயிலானால் ஈரத்துணியைப் பாதத்தில் போடுவார். பனியானால் போர்த்திவிடுவார். வீக்கம் இருக்கிறதா என்று கணுக்காலில் விரலை அழுத்திப் பார்ப்பார். முகம் பார்த்துப் பேசுவது ரொம்பக் கம்மி. என் முகத்தைவிட என் கால்தான் அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஐப்பசி மழையில் சுவர் ஊறியது. துளையின் மூலையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு விரிசல் ஓடியது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். உடனே அடைக்காவிட்டால் இந்தப் பக்கத்துச் சுவரே உட்கார்ந்துவிடும் என்றார். ஓர் ஆணிக்கு வாத்தியாரையே காலி பண்ணவைத்த அம்மா, அந்த விரிசலில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். இன்னொரு முட்டுக் கொடுக்கச் சொன்னார். பிரசவம் ஆகட்டும் என்றார். நான் படுத்தபடியே அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மழை வலுக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் அகலமானதுபோல் தெரியும். அந்தப் பக்கம் அந்த அம்மா அதற்கு நேர் கீழேதான் பாய் விரித்துப் படுத்தார்.

எட்டாம் மாதத்தில் ஒரு முற்பகல். எனக்கு இடுப்பில் பிடித்தது. இது அது இல்லை, வாயுவாக இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வலி என்று வாயால் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயம். இன்னொரு முறை பிடித்தது. நான் மூச்சுக்கூட விடவில்லை. அந்தப் பக்கம் முறம் நின்றது.

"வலிக்குதா?"

"இல்லிங்கம்மா."

என் இரண்டு பாதத்தையும் அவர் கை பிடித்தது. "வெரலு அம்மாம் கெட்டியா முறுக்கிக்கினு இருக்குது, இல்லேன்றியே" என்றார். அடுத்த நிமிடம் அவர் சந்தில் ஓடும் சத்தம் கேட்டது. அவர் ஓடி நான் கேட்டதே இல்லை. முனையில் நின்ற குதிரை வண்டியைக் கூட்டிவந்தார். வண்டியில் வைக்கோல் மேல் மெத்தையைப் போட்டு என்னைக் கிடத்தி, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் காலை விடவில்லை. குதிரையை ஓட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது என்று வண்டிக்காரனைப் பாடாய்ப் படுத்தினார்.

பெண் குழந்தை. ஒரு தேங்காய் அளவுதான் இருந்தது. அழவே இல்லை, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தட்டிய பிறகு அழுதது. பிழைக்குமா என்று பல நாள் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. பிழைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் அம்மா வீட்டுக்குப் போய், உடம்பு தேறி, குழந்தைக்குக் கழுத்து நின்ற பிறகுதான் நான் திருவண்ணாமலைக்குத் திரும்பினேன்.

நான் வரும்போது சமையல்கட்டு வாசலில் செங்கல்லும் சிமெண்டும் வந்து இறங்கியிருந்தன. என் கணவர்தான் ஏற்பாடு செய்திருந்தார். வீட்டுக்காரம்மாவின் சுவரை நாமே சரியாக்கித் தந்துவிடவேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். கொத்தனார் கலவை போட்டுவிட்டு, கரண்டியோடு துளைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா வந்தார். குழந்தையை வாங்கவில்லை. எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு என் கணவரையும் கொத்தனாரையும் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா, ஒண்ணோட நிறுத்திக்கப் போறியா?"

எனக்குக் கேட்டது சரிதானா என்று புரியவில்லை. கல்யாணமான நாள் முதல் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும், என் அம்மா உட்பட, நிற்குமா, தங்குமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஒன்று போதுமா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. எல்லாப் பெண்களிடமும் கேட்கிற சாதாரணக் கேள்வி. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தக் கலவைச் சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

"இல்லிங்கம்மா" என்றேன்.

அவர் கொத்தனாரைப் பார்த்தார்.

"கேட்டியா? அந்தக் கலவைய எடுத்துனு போயி தண்ணித் தொட்டி ஓட்டையப் பூசு. செவுத்த அடைக்க அப்பறமா வா."